தைரொயிட் சத்திரசிகிச்சையில் குரல் நரம்புகளைக் காப்பது: தியேட்டருக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு வருகிற இளம் வைத்தியர்களுக்காக இதை எழுதுகிறேன். கழலை (வீங்கிய தைரொயிட் சுரப்பி) எடுக்கிற நாளில் உதவிக்கு நிற்கத் தொடங்கியதும் அவர்கள் எல்லோரும் கத்தியைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். ஆனால் குரல் போன நோயாளர்களில் நரம்பு அறுபட்டவர்கள் கொஞ்சப்பேர்தான். பெரும்பாலானோருக்கு நரம்பு முழுசாகவே இருக்கும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. இழுபட்டதாலோ சூடு பட்டதாலோ அது வேலை செய்யாமல் போயிருக்கும். கீழே வருகிற ஒழுங்கு முழுவதும் அந்த இழுவையையும் சூட்டையும் தவிர்ப்பதற்காக அமைந்தது. ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படி ஆபத்தாகிவிடும், ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த நரம்பு, என்ன வேலை

பக்கத்துக்கு இரண்டு நரம்புகள். முதலாவது ரெக்கரன்ட் லரிஞ்சியல் நரம்பு, தியேட்டரில் ரெக்கரன்ட் என்றே சொல்வோம். மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பிலிருந்து பிரிந்து, வலப்பக்கம் சப்கிளேவியன் நாடியையும் இடப்பக்கம் பெருநாடி வளைவையும் சுற்றிக்கொண்டு கழுத்துக்குத் திரும்பி வருகிறது. சுவாசக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் உள்ள பள்ளத்தை ஒட்டி ஏறும். குரல் நாணைத் திறக்கிற தசையும் மூடுகிற தசைகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் போனால் குரல் கரகரத்து, காற்றாகக் கசியும், தண்ணீர் குடிக்கப் புரையேறும். இரண்டு பக்கமும் போனால் மூச்சுவழியே அடைபடும்.

இரண்டாவது, மேல் லரிஞ்சியல் நரம்பின் வெளிக்கிளை. சுரப்பியின் மேல்முனைக்குப் போகிற இரத்தக்குழாய்களை ஒட்டி வந்து, குரல் நாணை இழுத்து விறைப்பாக்கும் கிரிக்கோதைரொயிட் தசைக்குப் போகிறது. இது சேதமானால் சாதாரணமாகக் கதைக்கிறபோது பெரிதாக ஒன்றும் தெரியாது. உச்சத்தில் பாட முடியாது, தூரத்தில் நிற்பவரைக் கூப்பிட முடியாது, பின்னேரம் ஆக ஆகக் குரல் களைத்துவிடும். வகுப்பு எடுக்கிற ஆசிரியைக்கும், கோயிலில் தேவாரம் பாடுகிறவருக்கும், திருநெல்வேலிச் சந்தையில் கூவி விற்கிறவருக்கும் அது சின்ன இழப்பு இல்லை. வாட்டில் "குரல் சரி" என்று எழுதி அனுப்பப்பட்ட பலரிடம் இந்தக் குறையைப் பிறகுதான் காண்கிறோம்.

2. கிளினிக்கில்: குரலைக் கேளுங்கள், நாணைப் பாருங்கள்

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பெயரும் ஊரும் சொல்ல வைப்பது போதாது. "ஈ" என்று ஒரே மூச்சில் நீட்டச் சொல்லுங்கள். பிறகு, "அம்மா, வளவுக்குள்ளை தூரத்திலை நிக்கிற பிள்ளையைக் கூப்பிடுற மாதிரி ஒருக்கால் கூப்பிடுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், ஆனால் கூப்பிடுவார்கள். குரலின் உயரத்தையும் வீச்சையும் அறிய இதைவிட நல்ல சோதனை கிளினிக்கில் கிடையாது. கேட்டதைக் கோப்பில் எழுதுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அந்த வரிதான் இருக்கும்.

அடுத்தது லரிஞ்சோஸ்கோப்பி. காது மூக்கு தொண்டைப் பிரிவில் மெல்லிய கமெராவால் இரு நாண்களும் அசைகின்றனவா என்று பார்ப்பது. முன்பு கழுத்திலோ நெஞ்சிலோ சத்திரசிகிச்சை செய்தவர், குரல் மாறியவர், புற்றுநோய் உள்ளவர், கழலை நெஞ்சுக்குள் இறங்கியவர் ஆகியோருக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. என்னைக் கேட்டால் எல்லோருக்கும் செய்யச் சொல்வேன். "குரல் நல்லாத்தானே இருக்கு" என்று இந்தப் படியை விடுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை. ஒரு நாண் மெல்ல மெல்லச் செயலிழந்தால் மற்ற நாண் நடுக்கோட்டைத் தாண்டி வந்து ஈடுசெய்துவிடும், குரல் நன்றாகவே கேட்கும். அப்படிப்பட்டவருக்கு நல்ல பக்கத்து நரம்பிலும் கைவைத்தால் மூச்சுவழியே போய்விடும்.

சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலும் பிறகு பஸ்ஸிலும் வருகிறவரை, முல்லைத்தீவிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வருகிறவரை, இதற்காக இன்னொரு நாள் வரச் சொன்னால் வராமலே விடுவார். அந்தக் கிளினிக் நாளிலேயே தொலைபேசியில் கதைத்து ஒழுங்குசெய்யுங்கள்.

சிடி ஸ்கான் எடுத்திருந்தால் கழலையை மட்டும் பார்த்து மூடாமல் வலப்பக்கச் சப்கிளேவியன் நாடியையும் தேடுங்கள். அது உணவுக்குழாய்க்குப் பின்னால் போனால், அந்தப் பக்கத்து ரெக்கரன்ட் நெஞ்சுக்கு இறங்காமல் கழுத்திலேயே வேகஸிலிருந்து நேரே குறுக்காக வரும். இப்படி இருப்பது நூற்றில் ஒருவருக்கோ அதிலும் குறைவானவர்களுக்கோதான், ஆனால் முன்பே தெரிந்தால் அறுபடாது.

3. ஒப்புதல் பெறும்போது சொல்ல வேண்டியவை

தற்காலிகமாகக் குரல் மாறுவது நூற்றில் பத்துப்பேர் வரைக்கும் நடக்கலாம், நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஓரிருவருக்கு என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். பெரிய கழலை, இரண்டாம் தடவைச் சத்திரசிகிச்சை, புற்றுநோய் என்றால் இது கூடும். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டபிறகு இதைச் சொன்னால்தான் அவருக்கும் உங்களுக்கும் அதன் கனம் விளங்கும்.

முழுச் சுரப்பியையும் எடுக்கத் திட்டம் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதற்பக்கத்து நரம்பில் சந்தேகம் வந்தால் அன்றைக்கு மறுபக்கம் தொடாமல் மூடிவிட்டு, சில மாதம் கழித்துச் செய்வோம் என்று. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பாதிதான் எடுத்தோம் என்று கேட்டதும் வைத்தியம் பிழைத்துவிட்டதாக வீட்டார் நினைப்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே மறுபக்கம் போகிற மனநிலை சத்திரசிகிச்சை நிபுணருக்கும் வரக்கூடாது.

4. மயக்கமருந்து நிபுணரோடு முதலே கதையுங்கள்

நரம்பு மொனிட்டர் பயன்படுத்துவதாக இருந்தால், மயக்கமருந்து கொடுப்பதற்கு முன்னரே பேச்சு முடிந்திருக்க வேண்டும். நரம்பைத் தூண்டும்போது குரல் தசையில் எழும் மின்சிக்னலை, மூச்சுக்குப் போடும் ரியூப்பில் உள்ள இலத்திரவாய்களால் மொனிட்டர் அளக்கிறது. தசையைத் தளர்த்தும் மருந்தின் வேலை நீடித்தால் நரம்பு நல்லாக இருந்தாலும் சிக்னல் வராது. ஆகவே குறுகிய நேரம் வேலை செய்யும் மருந்து, அல்லது தொடக்கத்தில் மட்டும் சிறிய அளவு. ரியூப்பில் மரக்கச் செய்யும் லிக்னோகெயின் ஜெல் பூசவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

ரியூப்பின் இலத்திரவாய்கள் குரல் நாண்களைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். தோளுக்குக் கீழே தாங்கு வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தவுடன் ரியூப் நகர்ந்துவிடும். கிடத்தி முடித்தபிறகு கமெராவால் இன்னொருக்கால் பார்த்தபின்தான் ரியூப்பைக் கட்ட வேண்டும். முதலே ஒட்டிவிட்டு, அரைவழியில் சிக்னல் காணவில்லை என்று பதறுவது அடிக்கடி நடக்கிறது.

மேசையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள், நாளங்களில் இரத்தம் தேங்காது. இரத்தக் கசிவு இல்லாத இடத்தில்தான் நரம்பு தெரியும். உருப்பெருக்கும் கண்ணாடி, பைபோலர் (இரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி), நுனி மெல்லிய மொஸ்கிட்டோ இடுக்கி, சின்னக் கிளிப் ஆகியவை தட்டில் இருக்கின்றனவா என்று தோல் வெட்டுமுன் நீங்களே எண்ணிப் பாருங்கள். இரத்தம் பொங்கும்போது கிளிப் எங்கே என்று மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்கிற நிலை வரக்கூடாது.

5. மேல்முனை: ஒவ்வொரு குழாயாக, சுரப்பியை ஒட்டி

கழுத்துத் தசைகளை விலக்கி, நடுத் தைரொயிட் நாளத்தை முதலில் கட்டி வெட்டுங்கள். அதைக் கட்டாமல் சுரப்பியைத் திருப்பினால் கிழிந்து இரத்தம் நிறைந்துவிடும்.

பிறகு மேல்முனையைக் கீழும் வெளிப்பக்கமுமாக இழுத்து, அதற்கும் கிரிக்கோதைரொயிட் தசைக்கும் இடையில் உள்ள இரத்தக்குழாயற்ற இடைவெளியைத் திறவுங்கள். அங்கேதான் வெளிக்கிளை வரும். சிலருக்கு அது மேல்முனைக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேலே குழாய்களைக் கடக்கும், சிலருக்கு அதற்குள், சிலருக்கு முனைக்கும் கீழே. பெரிய கழலையில் முனை மேலே ஏறிவிடுவதால் நரம்பு இன்னும் அருகில் வரும்.

மேல்முனைக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே கிளாம்பில் பிடித்துக் கட்டுவது வேகமாகத்தான் இருக்கும். அந்தக் கட்டுக்குள் நரம்பும் இருக்கலாம். கிளைகளைத் தனித்தனியாகப் பிரித்து, சுரப்பியின் மேற்பரப்பை ஒட்டியே கட்டுங்கள். நரம்பு தசைக்குள்ளே மறைந்து ஓடுவதும் உண்டு, ஆகவே கண்ணில் படவில்லை என்றால் தசையைக் கிளறித் தேடாதீர்கள். கட்டில் அகப்படுவது இரத்தக்குழாய் மட்டும்தான் என்பது நிச்சயமானால் போதும். நரம்பைத் தூண்டும் ஸ்டிமுலேட்டர் கையில் இருந்தால் கட்டுமுன் தொட்டுப் பாருங்கள். தசை துடித்தால் நரம்பு அங்கே இருக்கிறது.

6. ரெக்கரன்டைக் கண்டபிறகே மற்ற வேலை

சுரப்பியை நடுப்பக்கமாகத் திருப்பி, கீழ்த் தைரொயிட் நாடி வருகிற மட்டத்தில் தேடுங்கள். சுரப்பியின் பின்பக்கம் புடைத்து நிற்கும் சுக்கர்கண்டில் முடிச்சு நல்ல அடையாளம், பெரும்பாலும் அதற்கு உட்பக்கத்தில்தான் நரம்பு ஓடும். நாடிக்கு முன்னாலும் போகும், பின்னாலும் போகும், கிளைகளுக்கு நடுவாலும் போகும். ஆகவே நாடியின் தண்டை அடியில் கட்டாதீர்கள். கிளைகளைச் சுரப்பியின் அருகில் கட்டினால் கல்சியத்தைக் காக்கும் பராதைரொயிட் சுரப்பிகளுக்கும் இரத்தம் மிஞ்சும்.

மொஸ்கிட்டோவை நரம்பு போகும் திசையிலேயே விரியுங்கள், குறுக்கே விரிக்காதீர்கள். இடப்பக்கம் கிட்டத்தட்ட நிமிர்ந்து ஏறும், வலப்பக்கம் சரிவாக வரும். நனைந்த வெள்ளை நூல் மாதிரி மினுங்கும், அதன்மேல் மயிரிழை போன்ற சிவப்புக் குழாய் ஒன்று நீளவாக்கில் ஓடும், துடிப்பு இருக்காது. அதைக் காணும்வரை அந்தப் பகுதியில் எதையும் வெட்டாதீர்கள், கட்டாதீர்கள், சுடாதீர்கள்.

கண்டதும் தூக்கிப் பார்க்க ஆசை வரும். தூக்காதீர்கள். முன்பக்கத்தை மட்டும் திறந்து மேல்நோக்கித் தொடருங்கள். படுக்கையிலிருந்து பிரித்தெடுத்தால் நரம்புக்குப் போகும் இரத்தம் அறுந்துவிடும்.

ஒரு இழையைக் கண்டுவிட்டோம் என்று நிம்மதி அடைவதும் பிழைதான். குரல்வளைக்குள் நுழையுமுன் ரெக்கரன்ட் இரண்டாகப் பிரிவது சாதாரணம். அசைவைக் கொடுக்கும் இழைகள் பெரும்பாலும் முன்கிளையில். கண்டது பின்கிளையாக இருந்தால், காப்பாற்ற வேண்டிய முன்கிளை கத்திக்கு நேரே கிடக்கும்.

வலப்பக்கம் எவ்வளவு தேடியும் வழமையான இடத்தில் இல்லை என்றால், குறுக்காக வருகிற எந்த வெள்ளை இழையையும் வெட்டாமல் நின்று யோசியுங்கள். கழலை மிகப் பெரிதாகவோ பழைய தழும்பாகவோ இருந்தால், இடத்தை மாற்றித் தேடலாம்: கீழே நெஞ்சுப் பக்கம் தழும்பு இல்லாத இடத்திலிருந்து மேலே, அல்லது மேலே கிரிக்கொயிட் குருத்தெலும்பின் ஓரத்தில் நுழையும் இடத்திலிருந்து கீழே.

7. கடைசி இரண்டு சென்ரிமீற்றர்

சேதம் அதிகம் நடப்பது இங்கேதான். பெரி இணையம் சுரப்பியைச் சுவாசக்குழாயோடு இறுக்கிப் பிடித்திருக்கும். நரம்பு அதை ஒட்டியோ அதன் நடுவாலோ போய்க் குரல்வளைக்குள் நுழையும். நுழையும் இடத்தில் அதற்கு அசைய இடமில்லை. சுரப்பியை முன்னால் இழுத்தால் நரம்பும் சேர்ந்து வளைந்து, இணையத்தின் விளிம்பிலோ சின்ன நாடியின் மேலோ மடிந்து நிற்கும். அறுவதில்லை, ஆனால் அந்த மடிப்பில் நசிகிறது.

ஆகவே இந்தக் கட்டத்தில் நரம்பின் பாதுகாப்புச் சுரப்பியைப் பிடித்திருக்கிற உதவியாளரின் கையில் இருக்கிறது. "வடிவாகப் பிடியும்" என்று சொன்னால் புதியவர் இன்னும் பலமாக இழுப்பார். இந்த இடத்தில் வடிவாகப் பிடிப்பது என்றால் அசையாமல் பிடிப்பது. சில நிமிடத்துக்கு ஒருக்கால் முழுதாகத் தளர்த்த வேண்டும். தலைமை வைத்தியர் சொல்ல மறந்தாலும், "தளர்த்தட்டோ, சேர்?" என்று நீங்களே கேளுங்கள். அதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இணையத்துக்குள் ஒரு சின்ன நாடி உண்டு. அது நழுவினால் ஒரு நொடியில் பள்ளம் முழுக்க இரத்தம் நிறையும், நரம்பு மறையும். அந்த நேரத்தில் கை தானாகக் கிளாம்புக்குப் போகும். போகவிடாதீர்கள். சுரப்பியை விடுங்கள். சின்னக் கோஸ் துண்டு ஒன்றை வைத்து விரல்நுனியால் மெல்ல அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்தே காத்திருங்கள், மனக்கணக்கில் அது அரை நிமிடத்திலேயே முடிந்துவிடும். கோஸை எடுக்கும்போது பலதடவை நின்றிருக்கும். நிற்காவிட்டால் முதலில் நரம்பு, பிறகு இரத்தக்குழாய். நரம்பு எங்கே என்று கண்ணால் கண்டபின் மெல்லிய கிளிப் அல்லது நூல். சக்ஷன் நுனியை நரம்பின்மேல் வைக்காதீர்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைபோலரோ, அதிர்வால் சூடாக்கி வெட்டும் அல்ட்ராசொனிக் கருவியோ, நரம்பிலிருந்து ஐந்து மில்லிமீற்றராவது தள்ளி. அந்த இடைவெளி இல்லாத இடத்தில் நூலும் கத்தியும்தான். அல்ட்ராசொனிக் கருவியின் அலகு, மிதியை விட்ட பிறகும் சூடாகவே இருக்கும். அதே அலகால் நரம்பை விலக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஈரக் கோஸில் தொட்டு ஆறவிட்டபின்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

புற்றுநோய் இல்லாத கழலையில் நரம்பு நுழையும் இடத்தில் சுரப்பி ஒட்டிப்போய் இருந்தால், மெல்லிய துண்டு ஒன்றை விட்டுவிடுவது நல்ல தீர்மானம்.

8. மொனிட்டரை ஒழுங்காக வாசிப்பது

சோதிக்கும் வரிசை: தொடக்கத்தில் வேகஸ், நரம்பைக் கண்டதும் ரெக்கரன்ட், பிரித்து முடித்தபின் ரெக்கரன்ட், கடைசியில் மீண்டும் வேகஸ். மின்னோட்டம் 1 முதல் 2 மில்லியம்பியர். தொடக்கத்தில் 500 மைக்ரோவோல்ட்டாவது கிடைக்க வேண்டும். அதில்லாமல் தொடங்கினால் பிறகு குறைந்ததா என்று ஒப்பிட ஒன்றும் இராது.

கடைசி வேகஸ் சோதனையை நேரமில்லை என்று விடுவார்கள். சேதம் நடந்த இடத்துக்கு மேலே, குரல்வளைக்குப் பக்கத்தில் ரெக்கரன்டைத் தொட்டால் சிக்னல் நன்றாகவே வரும், ஏனென்றால் அந்த மிச்சப் பகுதி இன்னும் வேலை செய்கிறது. வேகஸைத் தொட்டால்தான் முழு வழியும் சோதிக்கப்படும்.

வேலை நடக்கும்போதே சிக்னல் பாதியாகக் குறைந்து, வருவதற்கும் தாமதமானால் இழுவையை உடனே விடுங்கள். அந்த நிலையில் விட்டால் மீளும். 100 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே போனால் சிக்னல் இழப்பு. அப்போது: முதலில் குரல்வளையின் பின்பக்கம் விரலை வைத்து, வேகஸைத் தூண்டித் துடிப்பு வருகிறதா பாருங்கள். துடித்தால் நரம்பு நலம், ரியூப்பைச் சரிபார்க்க வேண்டும். துடிக்காவிட்டால் மறுபக்க வேகஸைத் தூண்டுங்கள். அங்கே சிக்னல் வந்தால் கருவியில் பிழையில்லை, இந்தப் பக்கத்து நரம்பில்தான் சேதம். கீழிருந்து மேலாகத் தொட்டுக்கொண்டு போய் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அங்கே கட்டோ கிளிப்போ இருந்தால் எடுத்துவிடுங்கள். இருபது நிமிடம் காத்திருந்து மீண்டும் பாருங்கள்.

மொனிட்டர் இல்லாத நாளில் மேலே சொன்ன ஒழுங்கு முழுவதும் அப்படியே நிற்கும். மொனிட்டர் கண்ணுக்குத் துணை, நரம்பைத் தேடித் தராது.

9. மறுபக்கம் போகலாமா?

முதற்பக்கத்தில் சிக்னல் மீளவில்லை என்றால், புற்றுநோய் இல்லாத கழலையில் நிறுத்தி மூடுங்கள். தைரொயிட் புற்றுநோயிலும் பெரும்பாலும் சில வாரம் பொறுக்கலாம். நாண் மீண்டும் அசைவதைக் கமெராவில் கண்டபின் மறுபக்கம் செய்யலாம். மொனிட்டர் இல்லாவிட்டாலும், முதற்பக்கத்தில் பலமாக இழுக்க நேர்ந்தது, இரத்தம் பொங்கியது, நரம்பை முழுதாகக் காணவில்லை என்றால் அதே நியாயம்தான். இன்னொரு தடவை மயக்கம் கொடுப்பது கஷ்டம், ஆனால் மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளையோடு வீட்டுக்கு அனுப்புவதோடு அதை ஒப்பிடவே முடியாது.

நரம்பு அறுந்துவிட்டது தெரிந்தால் அதே மேசையிலேயே மெல்லிய நூலால், இழுவையில்லாமல் தைக்க வேண்டும். இடைவெளி கூட என்றால் கழுத்திலேயே உள்ள அன்ஸா சேர்விக்காலிஸ் நரம்பை எடுத்துப் பொருத்தலாம். நாண் முன்போல் அசையாது, ஆனால் தசை சுருங்காமல் இருக்கும், குரல் நன்றாக வரும்.

10. முதல் இரவு

ரியூப்பை எடுத்தவுடனேயே மூச்சில் கீச்சுச் சத்தம் வந்தால் இரு நாண்களும் அசையாமல் நிற்கலாம் என்று நினையுங்கள், மயக்கமருந்து நிபுணர் தியேட்டரைவிட்டுப் போகவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். சில மணி நேரம் கழித்துக் கழுத்து வீங்கி, இறுகி, நோயாளர் இருப்புக்கொள்ளாமல் தவித்தால் அது உள்ளே இரத்தம் கட்டுவது. தியேட்டர் கிடைக்கும்வரை நிற்காமல், படுக்கையிலேயே தையலை வெட்டித் தோலையும் தசையையும் திறந்து இரத்தக் கட்டியை வெளியேற்ற வேண்டும். அதற்கான கத்தரிக்கோலும் கோஸும் கட்டிலருகில் இருக்கட்டும், இரவுக் கடமைக்கு வரும் மிஸ்ஸிக்கும் காட்டிவிடுங்கள். இரத்தம் வடிய ட்ரெயின் குழாய் போட்டிருக்கிறோம் என்பது பாதுகாப்பு இல்லை, அது அடைபட்டுவிடும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் விரல்நுனி விறைப்போடு மூச்சுச் சத்தம் வந்தால் இரத்தத்தில் கல்சியம் குறைந்ததா என்று பாருங்கள்.

11. வீட்டுக்கு விடுமுன்னும் பிறகும்

அடுத்தநாள் காலையில் முதலில் கதைக்கவிட்டு, பிறகு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். ரியூப் உரசியதாலும் குரல் சில நாள் கரகரக்கும், ஆகவே காதை மட்டும் நம்பாமல் நாண்களைக் கமெராவால் பாருங்கள். தூரத்திலிருந்து வந்தவருக்கு இதை வீட்டுக்கு விடுமுன்பே செய்து முடிப்பது நல்லது.

நாண் அசையவில்லை என்றால் "போகப் போகச் சரிவரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பேச்சுச் சிகிச்சையாளரிடம் உடனே காட்டுங்கள். முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கவும், மெல்லிய திரவங்களைச் சிறு மிடறாகக் குடிக்கவும் பழக்குவார்கள். புரையேறுவது கடுமையாக இருந்தாலோ குரல்தான் பிழைப்பு என்றாலோ, நாணுக்குள் ஊசியால் நிரப்பி நடுப்பக்கம் தள்ளும் சிகிச்சையை முதல் வாரங்களிலேயே கேட்கலாம். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களில் இருந்து ஆறு மாதத்துக்குள் மீளும். பன்னிரண்டு மாதம் கடந்தும் அசையாவிட்டால்தான் நிரந்தரம் என்று எடுத்து, நிலையான சத்திரசிகிச்சை பற்றிக் கதைக்க வேண்டும்.

டயக்னோசிஸ் கார்டில் "தைரொயிட் எடுக்கப்பட்டது" என்று ஒரு வரியோடு நிறுத்தாமல் இவற்றையும் எழுதுங்கள்: எந்தப் பக்க நரம்புகள் காணப்பட்டன, கடைசி வேகஸ் சிக்னல் எவ்வளவு, சுரப்பித் துண்டு எங்காவது விடப்பட்டதா, வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு நாணும் எப்படி அசைந்தது. மறுபக்கம் மிச்சம் இருப்பவருக்கு அந்தக் கார்டைத் தொலைக்க வேண்டாம் என்று சொல்லி, கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.